தபாலில் வரவேண்டிய கார்டு

இந்த வீட்டுச் சாப்பாட்டில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் இரண்டு கரண்டியோடு கஞ்சியை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆறு முதியவர்கள், ஆறு பேருக்கும் இரத்த அழுத்தம், ஆளுக்கொரு பானை வைத்துச் சமைக்க முடியுமா. வாயில் ருசியே தங்குவதில்லை என்று என் தங்கை நெனித்தாதான் முணுமுணுப்பாள். தனக்கு மட்டும் ஒரு கருவாட்டைப் பொரித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றபடியே தின்றுவிட்டு வருவாள். வெள்ளைக்காரர்களுக்கு அந்த வாசனை ஆகாது.

நீங்கள் அவளைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும். வக்கீல் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்ல வக்கீல் எதற்கு. பன்னிரண்டரைக்கு மருந்து கொடுக்க வேண்டும், அதற்குள் முடித்துக்கொள்வோம். என் பெயர் விசித்தாசியோன். நாற்பத்துமூன்று வருடமாக இந்த ஊரில் எல்லோருக்கும் சியோனி.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்துநான்கு. என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் சமையல்காரர். வயேஹோவில் கப்பல் தளம் இருந்த காலம் அது. குடியுரிமை கிடைத்த மறுவருடமே நெனித்தாவை இங்கே வரவழைக்க மனுப் போட்டேன். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது இன்னும் நீளம். இருபத்திரண்டு வருடம். மனுப் போட்டபோது அவள் மகள் மரிஃபே கைக்குழந்தை. விசா வந்தபோது மரிஃபேக்கு இருபத்துமூன்று வயது. இருபத்தொன்றைத் தாண்டிவிட்டாள், அம்மாவின் விசாவில் அவளைச் சேர்க்க முடியாது என்றார்கள். நெனித்தாவின் கணவர் ரொமுலோ, படகை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அதனால் அவள் தனியாக வந்தாள். அதற்குள் என் கணவர் இறந்து ஆறு வருடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வீட்டை முதியோர் இல்லமாக்கி உரிமம் வாங்கியிருந்தேன்.

விமான நிலையத்தில் அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "அக்கா, நீ குள்ளமாயிட்டே."

"நீ குண்டாயிட்டே" என்றேன்.

"குண்டாகாம? இருபத்திரண்டு வருஷமா உக்காந்துதானே காத்திருக்கேன்."

மூன்றாம் வாரம் அவளுடைய கார்டு தபாலில் வந்தது. பத்து வருடத்துக்குச் செல்லும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை. அதிலிருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "திருடி மாதிரி இருக்கேன். இந்த மூஞ்சிய நம்பி எப்படித்தான் உள்ள விட்டாங்களோ" என்றாள். அதை ஒரு சின்னத் துணிப்பைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். போகிற வருகிற இடமெல்லாம் கூடவே எடுத்துப் போவாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுத்தவர்களைத் திருப்பிப் போடுவது, எல்லாம் செய்வாள். மாதாமாதம் அவள் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை நானே அனுப்பிவிடுவேன். ஒரு மாதம் தவறியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம் டிசம்பருக்கு முன்னால் அவள் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். என்னிடம் கேட்டு எடுக்கவில்லை, எடுத்துவிட்டுச் சொன்னாள். நாங்கள் இந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலாம் தேதி கிளம்புறேன் அக்கா. ஒரு மாசம்."

"ஒரு மாசத்துல வந்துடுவியா?"

இரண்டு மூன்று காய்களை உரித்தாள். "வருவேன்னுதான் நினைக்கிறேன். இங்க எல்லாம் இருக்கு அக்கா. பேசுறதுக்குத்தான் ஆளு இல்ல. சமயத்துல நானே எனக்குப் பேசிக்கிறேன். அன்னிக்கு பெக்கர் தாத்தா என்னைப் பார்த்து, உனக்கும் மறதி நோயாம்மான்னு கேட்கிறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பேச ஆளில்லை என்று அவள் சொன்னபோது நான் அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பெக்கரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கைப்பை நாற்காலியில் தொங்கியது. நான் கார்டை எடுத்து மருந்து அலமாரியின் அடித்தட்டில், பழைய கோப்புகளுக்குக் கீழே வைத்தேன். புகாரில் திருட்டு என்று எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் பத்திரப்படுத்தினேன் என்றுதான் சொல்வேன். மாத்திரைகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. இந்த வீட்டில் பூட்டுள்ள இடம் அது ஒன்றுதான். சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கும். கிறிஸ்துமஸ் போகட்டும், பிறகு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். அப்போது ஒரு வேலைக்காரி வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தாள். இருவர் படுத்த படுக்கை. நான் தனியாக எப்படிச் சமாளிப்பது.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அவள் தேட ஆரம்பித்தாள். ஊருக்கு எடுத்துப்போகக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். சோப்புக்கட்டிகள், டின் மாட்டிறைச்சி, ரொமுலோவுக்கு மழைக்கோட்டு, மரிஃபேக்கு வாங்கிய மூன்று ஜோடிச் செருப்பு, எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக உதறினாள். நானும் கூடவே உதறினேன்.

"மீன் கடைக்குப் போன பஸ்ல கோட்டைக் கழட்டினேன் அக்கா. அப்பதான் விழுந்திருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய்த் தொலைந்ததற்கான தாள் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கார்டு இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது என்று டிக்கெட்டை ரத்து செய்தோம். மாற்றுக் கார்டுக்கான படிவத்தை இங்கே உட்கார்ந்து நிரப்பினேன். அதில் காரணம் கேட்கும் இடத்தில் கட்டங்கள் இருக்கும். தொலைந்தது, திருடு போனது, அழிந்துபோனது, மூன்றுக்கும் ஒரே கட்டம்; ஒரு குறி போட்டால் போதும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தொலைச்சவளுக்கும் திருட்டுக் கொடுத்தவளுக்கும் ஒரே கட்டமா? என் கவனக்குறைவுதானே இது. அதைத் தனியா எழுத வேண்டாமா?"

"வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

அவள் நேர்மையானவள். நான் அதை எப்போதும் சொல்வேன். கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் மெதுவாகப் போட்டாள்.

தபால் நிலையத்துக்கு இருவருமாகத்தான் போனோம். அவள் காரிலேயே இருந்தாள். நான் உள்ளே போய், கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப நின்றவர்களின் வரிசையில் கால் மணி நேரம் நின்று, பத்துத் தபால்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உறை என் கோட்டுக்குள்ளேயே இருந்தது. "போட்டாச்சா?" என்றாள். "ஆச்சு" என்றேன். வீட்டுக்கு வந்து உறையையும் அலமாரியில் கார்டோடு சேர்த்து வைத்தேன்.

ஜனவரியில் கார்டைக் கண்டெடுத்துவிடலாம் என்று இருந்தேன். சோபா இடுக்கில் கிடந்தது என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் ஜனவரியில் அவள் என்னோடு பேச ஆரம்பித்தாள்.

வேறு போக்கிடம் இல்லை என்று ஆனதும் அவளுக்கு மனம் இங்கே ஒட்டியது போல. மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது நாங்கள் இருவரும் கொல்லையில் கலமான்சி எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவோம். ஊரில், கிமாராஸ் தீவில், எங்கள் அப்பா நண்டு பிடிக்கக் கூட்டிப்போனது, நான் ஒருமுறை தண்ணீரில் முழுகப் பார்த்தது, அவள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. நான் மறந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "உன் முடியில பாதி என் கையோட வந்துடுச்சு. அதனாலதான் இப்பவும் உனக்கு இந்தப் பக்கம் சொட்டை" என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். என் வாழ்க்கையில் அந்த வருடம் போல இன்னொரு வருடம் இல்லை. பிறகு கார்டைக் கண்டெடுக்கத் தோதான நாள் எது என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துக் கிடைத்தால் சந்தோஷம். ஒரு வருடம் கழித்துக் கிடைத்தால் கேள்வி வரும்.

அந்தப் படிவத்தின் விளக்கத்தாளை நான் முழுவதும் படித்திருக்கிறேன். கார்டு தொலைந்தாலும் காலாவதியானாலும் அவளுடைய குடியிருப்பு உரிமை போய்விடாது. கார்டு அதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

நான் சொன்னது வேறு. "கார்டு இல்லாம வெளிய சுத்தாதே. யாராவது கேட்டா என்னத்தைக் காட்டுவே?" என்றேன். அது பொய்யில்லை, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இந்தப் பதினொரு வருடத்தையும் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன நேரடிப் பொய்கள் மிகக் குறைவு. அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் என்னோடு வருவாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பாதிரியாரிடம் போய்க் கேட்கலாமா என்று ஒருமுறை கேட்டாள். நாலு பேருக்குத் தெரிந்தால் ஆபத்து என்றேன்.

மூன்றாம் வருடம் இல்லங்களைச் சோதிக்க வரும் அதிகாரி, இங்கே வேலை செய்பவர்கள் எல்லோருடைய கைரேகையும் வேண்டும் என்றார். நெனித்தாவைக் கைரேகை எடுக்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் அவளே, "கார்டுக்கா அக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன். அன்று அவள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். வேலை செய்து செய்து விரல் ரேகை தேய்ந்திருந்தது. கடைக்காரன் ஒவ்வொரு விரலையும் நாலைந்து முறை வைக்கச் சொன்னான். "தேய்ஞ்சு போச்சுன்னு கார்டு தராம விட்டுருவாங்களோ" என்று திரும்பி வரும்போது கேட்டாள். அடுத்த ஆறு மாதம் தினமும் பதினொரு மணிக்குத் தபால்பெட்டியை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பெட்டியின் சாவியும் என்னிடம்தான்.

மரிஃபே விஷயத்தையும் கேட்பீர்கள். நெனித்தா இங்கே வந்த முதல் வருடமே மகளுக்காக மனுப் போட வேண்டும் என்றாள். படிவத்தை வாங்கி வைத்தேன். கார்டு போன பிறகு, கார்டு எண் இல்லாமல் எப்படி என்று தள்ளிப்போட்டேன். அவள் அழ ஆரம்பித்தபோது, போட்டாயிற்று என்று சொன்னேன். அது ஒரு பொய், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் உண்மைதான். ஒருநாள் மரிஃபே தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேட்கணும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா மனு என்ன ஆகும்?"

"மனு செத்துடும்மா. கல்யாணமாகாத பிள்ளைக்குத்தான் அது."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"பத்து வருஷத்துக்கு மேல ஆகலாம்."

அர்னெல் என்று ஒரு பையன். படகுத்துறையில் இயந்திரம் பழுது பார்ப்பவன், நல்லவன். "சரி பெரியம்மா, காத்திருக்கச் சொல்றேன்" என்றாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. எந்த வக்கீலிடமும் கேட்டுப் பாருங்கள். மனு என்று ஒன்று இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். அர்னெல் ஒன்பது வருடம் காத்திருந்தான். பிறகு இலோயிலோ நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மரிஃபே அந்தக் கல்யாணத்துக்குப் போய் சாப்பாடு பரிமாறிவிட்டு வந்தாளாம்.

ரொமுலோ போனது நெனித்தா வந்து ஏழாம் வருடம், பிப்ரவரியில். படகில் நின்றபடியே விழுந்தார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் நாள் மரிஃபே கூப்பிட்டுச் சொன்னதும் நெனித்தா என் முன்னால் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை.

"அந்த ஆபீஸ்ல போய்க் கேளேன் அக்கா. ஒரு கடுதாசி கொடுக்க மாட்டாங்களா? போயிட்டு வந்துடறேன்."

அவசரமென்றால் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். அந்த முத்திரை கார்டுக்குச் சமம். எனக்கு அது தெரியும். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த அலுவலகத்துக்குப் போகும் பாலத்தைத் தாண்டவில்லை. ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்தது. கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனால் திரும்ப மாட்டாள் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னுட்டாங்க."

"புருஷன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என் பேரைச் சரியா எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

அவள் திரும்பிப் போய், பாதியில் விட்டுவந்த ஆளுக்குத் தலை துவட்டி முடித்தாள்.

அடக்கத்தை இதோ இந்த மேசையில் வைத்த கணினியில் பார்த்தாள். மரிஃபே அந்தப் பக்கம் எதையோ உயர்த்திப் பிடித்திருந்தாள். படம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும். பெட்டியின் ஓரமும் யாரோ ஒருவர் முழங்கையும் தெரிய ஒருமுறை பத்து நிமிடம் நின்றுவிட்டது. நெனித்தா அசையவில்லை. "அந்த வெள்ளைச் சட்டை நான் அனுப்பினது. கழுத்து பெரிசா இருக்கு பாரு. இளைச்சுட்டாரு" என்றாள். அழவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து கை கழுவி இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள். அன்று ஒருவருக்கும் சாப்பாடு தாமதமாகவில்லை.

அதன் பிறகு அவள் கார்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போகவில்லை. மத்தியானம் கொல்லையில் உட்காருவோம், ஆனால் அவள் பேசமாட்டாள். நான் பேசுவேன். அவள் கேட்பாள், இல்லை கேட்பதுபோல் இருப்பாள். எங்களுக்கு அது பழகிவிட்டது. சண்டை சச்சரவு கிடையாது. இந்தத் தெருவில் எங்களைப்போல ஒற்றுமையான அக்கா தங்கை இல்லை என்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில் எனக்குப் பித்தப்பையில் கல். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சங்கிலியைக் கழற்றி நெனித்தா கையில் கொடுத்தேன். மருந்து வேளை தவறக்கூடாதே. உள்ளே என்ன இருக்கிறது என்பது நினைவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது வலியைத் தவிர ஒன்றும் நினைவில்லை. நாலு நாள் கழித்து வந்தபோது வீடு சுத்தமாக இருந்தது. மருந்துக் குறிப்பேட்டில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. அவள் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி வைத்திருந்தாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் கார்டையும், தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்தாள். கார்டின் காலம் முடிந்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு செத்தப்பவும் இது உள்ளதான் இருந்துச்சா அக்கா?"

"இருந்துச்சு."

"மரிஃபேக்குப் போட்ட மனு?"

நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. படுக்கையில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு, "சாப்பிடு. ஆறிடும்" என்றாள்.

சாப்பிட்டேன். நன்றாகவே வைத்திருந்தாள்.

அப்போது இங்கே திருமதி கெர்ன்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் மகள் கொலீன் நூலகத்தில் வேலை செய்பவள். சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்க வருவாள். நெனித்தா அவளிடம் போய்ச் சொன்னாள். கொலீன் தன் கைப்பேசியை எடுத்து அதில் படித்துப் படித்துச் சொன்னாள். கார்டு போனாலும் உரிமை போகாது, முத்திரை உண்டு, மகளுக்கு மனுப் போட்டிருக்கலாம். பதினொரு வருடத்து விஷயத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நெனித்தா இரண்டே முறை பேசினாள். "அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அப்படியா" என்றாள்.

புதுப் படிவத்தை அவளே நிரப்பினாள். முகவரி எழுதும் இடம் வந்தபோது கொலீன் தன் வீட்டு முகவரியைப் போடச் சொன்னாள். நெனித்தா கேட்கவில்லை, இந்த வீட்டு முகவரியைத்தான் எழுதினாள். கொலீன் குரலை உயர்த்தினாள்.

"உனக்கென்ன பைத்தியமா நெனித்தா? மறுபடியும் இவங்ககிட்டயா?"

"எங்க அக்கா அவ. ரெண்டாவது தடவை செய்யமாட்டா. செய்யறாளான்னு நான் பார்க்க வேண்டாமா?"

கைரேகைக்கு அழைப்பு வந்தது, உண்மையான அழைப்பு. கடவுச்சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், ஒரு வருடத்துக்கு. அதுவரை அவள் இந்த வீட்டிலேயே இருந்தாள், ஆறு பேரையும் பார்த்துக்கொண்டாள். "நான் போயிட்டா இவங்களைக் குளிப்பாட்ட உனக்குத் தெம்பு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். இரண்டு புது ஆட்களை நான் சேர்த்த பிறகுதான் ஊருக்குக் கிளம்பினாள். போன ஜனவரி கடைசியில். வாசலில் நின்று, "கார்டு வந்தா அனுப்பி வை அக்கா" என்றாள். "கண்டிப்பா" என்றேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

கார்டு மார்ச் இருபத்தொன்றாம் தேதி வந்தது. உங்கள் தாளில் இருப்பது சரிதான். தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார்.

அவள் ஏப்ரலில் கேட்டாள், ஜூனில் கேட்டாள், செப்டம்பரில் கேட்டாள். இன்னும் வரவில்லை என்று சொன்னேன். நவம்பரில் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தாள். அப்போது பார்த்து மரிஃபேக்கு டெங்குக் காய்ச்சல். மகளை விட்டுவிட்டு வர மனமில்லை. பயணத்தைத் தள்ளிப்போடட்டுமா, முத்திரை முடிந்துவிடுமே என்று என்னைத்தான் கேட்டாள். தள்ளிப்போடு, அதற்குள் கார்டு வந்துவிடும் என்றேன். மகள் பக்கத்தில் இருக்கச் சொல்வது ஒரு குற்றமா. முத்திரையின் காலம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அவள் கொலீனைக் கூப்பிட்டிருக்கிறாள், கொலீன் தபால் விவரத்தைத் தேடிப் பார்த்திருக்கிறாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

திரும்பி வந்தால் அவள் இங்கே தங்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கொலீன் வீட்டுக்குப் பக்கத்தில் அறை பார்த்து வைத்திருக்கிறார்களாம். மரிஃபேக்கு அவளே மனுப் போடப் போகிறாளாம். போடட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவளுடைய படுக்கை விரிப்பை நான் வாரம் தவறாமல் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார்டு அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தருகிறேன், வேண்டுமானால் கூடவே வந்து பாருங்கள். உறைகூடக் கசங்கவில்லை. அவள் நேரில் வந்து கேட்டால் அந்த நிமிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். கார்டு இல்லாமல் அவளை விமானத்தில் ஏற்றமாட்டார்களே என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். அதற்காகத் தபாலில் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? ஏழாயிரம் மைல், அதன் பிறகு படகில் ஒரு தீவு. வழியில் எங்கேயாவது தொலைந்துபோயிருந்தால், பாவம், அவள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.